மைத்துனர் அழைக்கிறார்: அலாஸ்காவுக்கு வேட்டைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது. ஈரோட்டில் ஜவுளி வியாபாரம். மனைவியின் தம்பி அலாஸ்காவில், ஆங்கரேஜ் நகரில் பல வருடங்களாக இருக்கிறார். அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கிவிட்டார். வருடம் தவறாமல் மூஸ் என்கிற ராட்சத மான் வேட்டைக்குப் போகிறவர். "கைடுக்கு எதுக்கு மாமா இருபதாயிரம் டாலர் அழணும்? சொந்தக்காரன் கூட இருந்தாப் போதும்னு சட்டமே சொல்லுது. ஜூலைல வாங்க, கிங் சால்மனும் பிடிச்சுட்டு மூஸும் அடிச்சுட்டு வந்துடலாம்" என்கிறார். என்னிடம் பத்து வருட டூரிஸ்ட் விசா இருக்கிறது. துப்பாக்கி சுட்டுப் பழக்கமில்லை. சின்ன வயதில் பவானி ஆற்றில் தூண்டில் போட்டதுண்டு. லேசாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். போகலாமா? என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?
பெயர் வெளியிட வேண்டாம், ஈரோடு.

பதில்: அன்புள்ள ஈரோட்டு நண்பருக்கு, தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் மைத்துனர் போட்ட திட்டப்படி வேண்டாம். அவர் சொல்வதில் சட்டமும் இடிக்கிறது, பருவமும் இடிக்கிறது.

முதலில் சட்டம். மைத்துனர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. அவர் சொல்லும் விதி உண்மையிலேயே இருக்கிறது. வேறு மாநிலத்து அமெரிக்கர் அலாஸ்காவில் பழுப்புக் கரடி, டால் செம்மறி, மலையாடு ஆகிய மூன்றையும் வேட்டையாட வேண்டுமானால் உரிமம் பெற்ற கைடு உடன் வர வேண்டும். கைடுக்குப் பதிலாக அலாஸ்காவில் குடியிருக்கும், 19 வயது நிரம்பிய நெருங்கிய உறவினர் வந்தாலும் போதும். அந்த உறவுப் பட்டியலில் மைத்துனரும் உண்டு. ஆனால் இந்தச் சலுகை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான். இந்தியக் கடவுச்சீட்டில் போகிற உங்களுக்கு மூஸ், கரிபூ என்ற கலைமான், கருங்கரடி, ஓநாய் என்று எந்தப் பெரிய விலங்கானாலும் உரிமம் பெற்ற கைடு கூடவே இருந்தாக வேண்டும். சொந்தக்காரர் யாரும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. இதை மீறினால் உங்கள் விசாவுக்கு மட்டுமல்ல, மைத்துனரின் வேட்டை உரிமத்துக்கும் துப்பாக்கிக்கும் ஆபத்து. அவரிடம் பேசும்போது இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அங்கேயே வாழ்கிறவர்களில் பலருக்கும் வெளிநாட்டவருக்கான விதி தெரியாது, அவர்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அது இதைவிடக் கவனிக்க வேண்டியது. டூரிஸ்ட் விசா போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அந்நாட்டு மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. அதனால் உரிமம் வாங்குவதற்கு முன்னால், மைத்துனர் வீட்டில் விளையாட்டாகக்கூடத் துப்பாக்கியைக் கையில் எடுக்காதீர்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிற ஆசை வரும். வேண்டாம்.

பருவத்துக்கு வருகிறேன். மூஸ் வேட்டை பெரும்பாலான இடங்களில் செப்டம்பரை ஒட்டித்தான் நடக்கும். கிங் சால்மன் மீன் முட்டையிட ஆற்றேறுவது மே கடைசியிலிருந்து ஜூலை வரை. இரண்டையும் ஒரே ஜூலைப் பயணத்தில் முடிக்க வழியில்லை.

அதிலும் கிங் சால்மன் நிலைமை இப்போது மனதைக் கஷ்டப்படுத்துவதாக இருக்கிறது. 1985-ல் கீனாய் ஆற்றில் ஒருவர் தூண்டிலில் பிடித்த கிங் சால்மன் 97 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 44 கிலோ இருந்தது. தூண்டிலில் பிடிபட்ட கிங் சால்மன்களில் உலக சாதனை அதுதான். அதே கீனாய் ஆற்றில் சமீப ஆண்டுகளாகக் கிங் சால்மன் பிடிக்கவே தடை போடுகிறார்கள், திரும்பி வரும் மீன்கள் அவ்வளவு குறைந்துவிட்டன. வடக்கே யூக்கான் ஆற்றில் இன்னும் மோசம். 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் அந்த ஆற்றில் ஏழு ஆண்டுகளுக்குக் கிங் சால்மன் பிடிப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு கிங் சால்மன் பிறந்து, கடலுக்குப் போய், முட்டையிடத் திரும்பும் சுற்றுக்கு ஆகும் காலத்தைக் கணக்கிட்டுத்தான் ஏழு ஆண்டுகள். தலைமுறை தலைமுறையாக அந்த மீனை உலர்த்தியும் புகையிலிட்டும் குளிர்காலத்தைக் கடத்திய பழங்குடிக் குடும்பங்கள், கோடையில் மீன் முகாம் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களே விட்டுக்கொடுத்து நிற்கும்போது கிங் சால்மனைத் தேடி விமானம் ஏற வேண்டாம் என்பது என் கருத்து. எங்காவது ஒரு இடத்தில் திறந்திருந்தாலும்கூட.

உங்களுக்குப் பொருத்தமான மீன் சில்வர் சால்மன். கோஹோ என்றும் சொல்வார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஆற்றேறும், மூஸ் பருவத்தோடு சரியாகப் பொருந்துகிறது. மூன்று முதல் ஐந்து கிலோ இருக்கும். தூண்டிலைத் துரத்திக் கடிக்கிற குணம் உண்டு, இழுத்தால் தண்ணீருக்கு மேலே துள்ளும். ஜூலையில் ஆற்றை நிறைத்து வரும் ரெட் சால்மன் அப்படியில்லை. கடலில் மிதக்கும் சிறு உயிரினங்களைத் தின்று வளர்ந்தது அது. ஆற்றுக்குள் வந்த பிறகு இரை எடுப்பதையே நிறுத்திவிடும், அதைத் தூண்டிலில் சிக்கவைக்கத் தனிப் பழக்கம் வேண்டும். பவானியில் தூண்டில் போட்ட கைக்கு சில்வர்தான் சீக்கிரம் வசப்படும்.

ஆங்கரேஜ் நகரின் நடுவிலேயே ஷிப் கிரீக் என்ற சிற்றாறு ஓடுகிறது. ஆகஸ்டில் அலுவலகம் முடிந்து வருகிறவர்கள் அங்கே நின்று சில்வர் பிடிப்பார்கள். முதல் இரண்டு நாள் அங்கே மைத்துனரோடு கையைப் பழக்குங்கள். மீன்பிடிக்கக் கைடு கட்டாயமில்லை, உரிமம் மட்டும் போதும். வெளியூர்க்காரருக்கு ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் என்று தனித்தனியாக விற்கிறார்கள். பிறகு இரண்டு நாளுக்குக் கைடோடு படகில் கீனாய்க்குப் போங்கள். ஆங்கரேஜிலிருந்து சொல்டோட்னா ஊருக்குக் காரில் ஏறக்குறைய 240 கிலோமீட்டர், கடலோரத்தையும் மலைகளையும் ஒட்டிய அருமையான சாலை. படகில் ஓர் இருக்கைக்கு ஒரு நாளைக்கு 300 டாலர் அளவில் ஆகும். கைடு தூண்டில், இரை எல்லாம் தருவார். எந்த மடுவில் மீன் தங்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பணம் கொடுக்கத் தகுந்தது.

மைத்துனர் ஜூலையில் ஆற்றுமுகத்தில் பெரிய வளைய வலையால் மீனை அள்ளும் படங்களை அனுப்பியிருப்பார். அது அலாஸ்காவாசிகளுக்கு மட்டும் உள்ள உரிமை, நீங்கள் அந்த வலையைப் பிடிக்கக் கூடாது. ஆற்றில் இறங்க அவர் பழைய ரப்பர் கால்சட்டை ஏதாவது தந்தால் காலணியின் அடியைப் பாருங்கள். கம்பளி போன்ற ஃபெல்ட் அடி வைத்த காலணியோடு நன்னீரில் இறங்கி மீன்பிடிப்பதை 2012-லேயே தடை செய்துவிட்டார்கள், ஓர் ஆற்றின் நோயும் பாசியும் இன்னோர் ஆற்றுக்குப் போகும் என்பதால். ஆற்றில் சால்மனின் வாயில் அல்லாமல் உடம்பில் கொக்கி மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை மீன் என்ற வரம்பு பருவத்தின் நடுவிலேயே மாறும். ஆற்றில் ஏறும் மீன்களை மீன்வளத் துறை எண்ணிக்கொண்டே இருக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் அவசர உத்தரவு போட்டு மூடிவிடும். கிளம்பும் நாள் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனி மூஸ். இந்த வருடம் நீங்கள் சுட வேண்டாம் என்றே சொல்வேன். செலவைக் காரணமாகச் சொல்லவில்லை, இருந்தாலும் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். கைடோடு ஒரு மூஸ் வேட்டை 20,000 டாலருக்குக் கீழே அமைவது அரிது. அதற்கு மேல் வெளிநாட்டவருக்கான வேட்டை உரிமம் 600 டாலர், மூஸுக்கான டேக், அதாவது சுட்ட விலங்கில் மாட்டும் அனுமதிச் சீட்டு, 1,000 டாலர். நல்ல கைடுகளிடம் ஒரு வருடம், இரண்டு வருடம் முன்பே இடம் நிரம்பிவிடும்.

நான் தயங்குவது வேறு காரணத்தால். வளர்ந்த ஆண் மூஸ் 550 முதல் 725 கிலோ வரை இருக்கும். அந்தப் பெரிய அளவில் ஒன்றை வீழ்த்தினால் எலும்பு நீக்கிய கறி மட்டும் 225 கிலோ தேறும். நான்கு கால்கள், கழுத்து, நெஞ்சு, விலா, முதுகு என்று உண்ணத்தக்க கறி அத்தனையையும் காட்டிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். கறியை அங்கே விட்டுவிட்டுக் கொம்போடு வந்தால் சிறை உண்டு. கொம்பை முதல் சுமையாகவும் எடுத்து வரக் கூடாது, கடைசிக் கறிச் சுமையோடுதான் அது வர வேண்டும். கால் புதையும் சதுப்பில், முழங்கால் உயரத்துக்குத் திட்டுத் திட்டாக நிற்கும் புல்மேடுகளுக்கு நடுவே, 35 கிலோ சுமையோடு எத்தனை நடை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சுடுவது ஒரு நொடி. அதற்குப் பிறகு இரண்டு நாள் உடம்பு உழைக்க வேண்டும், கறி கெடுவதற்குள். அந்த உழைப்புக்குத் தயாராக இருப்பவர்தான் சுட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சுடுவதும் எளிதில்லை. வெளியூர்க்காரருக்குப் பெரும்பாலும் கொம்பின் விரிவு 50 அங்குலம் இருந்தாக வேண்டும், அல்லது நெற்றிக் கிளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும். புதருக்குள் பாதி மறைந்து நிற்கும் விலங்கைப் பார்த்து இதை முடிவு செய்ய வேண்டும். முதல்முறை துப்பாக்கி பிடிப்பவர் அந்த நேரத்தில் பதறி, விலங்கைக் காயப்படுத்திவிட்டுத் தவறவிடுவதைப்போலக் கொடுமை வேறில்லை.

ஆகவே இந்தச் செப்டம்பரில், மைத்துனர் தன் உரிமத்தில் மூஸ் வேட்டைக்குப் போகும்போது வெறும் துணையாளாகப் போங்கள். துப்பாக்கியைத் தொடாதீர்கள். தேடுவதும் சுடுவதும் அவருடையதாக இருக்கட்டும். முகாமில் சமையுங்கள், விறகு பொறுக்குங்கள், மூஸ் விழுந்தால் கறியைச் சுமந்து வாருங்கள். அந்தச் சுமை உங்கள் தோளுக்கும் மனதுக்கும் ஒத்துக்கொள்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். ஒத்துக்கொண்டால் ஊருக்கு வந்ததும் மாவட்ட ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். நம் நாட்டில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையில் பழக வழியில்லை, இலக்கில் சுட்டுப் பழகலாம். கிளப்பில் பெரும்பாலும் .22 என்ற சிறு ரகத் துப்பாக்கி கிடைக்கும். மூஸுக்குப் பயன்படும் .30-06 என்ற பெரிய துப்பாக்கி தோளில் உதைப்பது வேறு மாதிரி. அதற்காக, வேட்டைக்குப் போகும் வருடம் ஒரு வாரம் முன்னதாகவே ஆங்கரேஜ் போய், உரிமம் வாங்கிய கையோடு அங்குள்ள மாநில மீன்வள வனவிலங்குத் துறையின் ராபிட் கிரீக் துப்பாக்கிக் களத்தில் பழகுங்கள். இந்தியாவிலிருந்து துப்பாக்கி கொண்டுபோகும் தலைவலி தேவையே இல்லை.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அலாஸ்காவில் வேட்டைக்காரர்களைச் சிறு விமானத்திலோ படகிலோ காட்டில் இறக்கிவிட்டு, பிறகு வந்து அழைத்துப்போக மட்டும் உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். டிரான்ஸ்போர்ட்டர் என்று பெயர். கட்டணம் குறைவு. ஆனால் அவர்கள் கைடு ஆக முடியாது, உங்களுக்கு அவர்கள் மட்டும் போதாது. ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், அதில் பதிவு பெற்ற கைடின் உரிம எண் வேண்டும். அந்த எண்ணை, கைடுகளுக்கு உரிமம் தரும் மாநில வாரியத்தில் சரிபார்த்த பிறகுதான் முன்பணம் அனுப்ப வேண்டும். பேசும்போது, சென்ற பருவத்தில் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று கேளுங்கள். நேர்மையானவர் எண்ணைச் சொல்வார். சிறு விமானத்தில் பறந்து இறங்கிய நாளில் சுடக் கூடாது, மறுநாள் அதிகாலை 3 மணி வரை பொறுக்க வேண்டும் என்ற விதி உண்டு. "இறங்கியதும் ஆரம்பிச்சுடலாம்" என்று சொல்கிற கைடு வேண்டவே வேண்டாம்.

கறியை ஈரோட்டுக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். மைத்துனர் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும். நீங்களே சுடும் வருடத்தில் மிச்சமிருந்தால், கைமாற்றுப் படிவம் ஒன்றை நிரப்பிக் கிராமத்துப் பழங்குடிக் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம். குளிர்காலத்துக்கு அவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும்.

மனைவியையும் அழைத்துப் போங்கள், தம்பி வீடு அல்லவா. மூவருமாக ஒரு நாள் மிதவை விமானத்தில் கட்மாய் தேசியப் பூங்காவின் புரூக்ஸ் பகுதிக்குப் போய்வரலாம். செப்டம்பரில் கரடிகள் சால்மன் தின்று கொழுத்து நிற்கும். நபருக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும்தான், ஆனாலும் துப்பாக்கி இல்லாமல் பழுப்புக் கரடியை அவ்வளவு அருகில் பார்ப்பது வேறெங்கும் எளிதில் அமையாது.

சர்க்கரையைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும், சட்டைப்பையில் மிட்டாய் இருக்க வேண்டும். மாத்திரைகளை இரண்டு பங்காக்கி ஒன்றை மைத்துனரின் பையில் வையுங்கள். பனிமூட்டத்தால் விமானம் இரண்டு மூன்று நாள் வராமல் போவது அங்கே சகஜம், அதற்கும் சேர்த்து எடுத்துப் போங்கள். காட்டில் செல்போன் எடுக்காது, மைத்துனரிடம் செயற்கைக்கோள் கருவி இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். பருத்தி உடுப்பு நனைந்தால் காயாது, ஜவுளிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கம்பளி உள்ளாடை வாங்குங்கள். கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பானைப் பயணிகள் விமானத்தில் எந்தப் பையிலும் ஏற்ற மாட்டார்கள். ஆங்கரேஜில் இறங்கிய பிறகு வாங்கி, இடுப்பில் மாட்டிக்கொண்டே ஆற்றுக்குப் போங்கள்.