லினக்ஸ் தொடங்கும்போதே பிணைய இடைமுகம் தானாக முகவரி பெற என்ன செய்ய வேண்டும்?

‘ஐபி’ கட்டளையால் கொடுத்த நிலையான முகவரி ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் போய்விடுகிறது என்றும், அதே கட்டளையை, கணினி தொடங்கும்போது ஓடும் ‘ஆர்சி லோக்கல்’ கோப்பில் எழுதிவிட்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் பதில். அந்தக் கட்டளை, இயங்கிக்கொண்டிருக்கும் கர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மட்டுமே பேசுகிறது; வட்டில் எதையும் எழுதுவதில்லை. அதை ‘ஆர்சி லோக்கல்’ கோப்பில் வைத்தால், அந்தக் கோப்பு ஓடும் நேரத்தில் இடைமுகம் (கணினியைப் பிணையத்தோடு இணைக்கும் அட்டை அல்லது அடாப்டர்) இன்னும் கண்டறியப்படாமல் இருக்கலாம். யூஎஸ்பி அடாப்டராக இருந்து, நடுவில் கழற்றிச் செருகப்பட்டால், முகவரியைத் திரும்பக் கொடுக்க எதுவும் இருக்காது. அதைவிட முக்கியமாக, பின்னணியில் இயங்கும் வேறொரு நிரல் நீங்கள் கொடுத்ததை அழித்துவிட்டுத் தன் அமைப்பைப் போட்டுவிடலாம்.

ஆகவே எந்தக் கோப்பையும் திறப்பதற்கு முன், அந்த இடைமுகம் எந்த நிரலின் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் நெட்வொர்க் மேனேஜர், டெபியனின் எளிய நிறுவல்களில் இஃப்அப்டவுன், உபுண்டு சர்வரில் நெட்பிளான் வழியாக சிஸ்டம்டி நெட்வொர்க்டி என்பது பொதுவான நிலை. நெட்வொர்க் மேனேஜருக்குரிய ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ்’, நெட்வொர்க்டிக்குரிய ‘நெட்வொர்க்சிடிஎல்’ ஆகிய இரண்டு கட்டளைகளையும் இயக்கிப் பார்த்தால், ‘அன்மேனேஜ்டு’ என்று எதில் வருகிறதோ அந்த நிரலுக்கு உங்கள் இடைமுகத்தோடு தொடர்பில்லை என்று பொருள். இரண்டிலும் அப்படியே வந்தால் டெபியனின் பழைய முறையான இஃப்அப்டவுனைச் சந்தேகிக்கலாம். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்ப்பவர்களின் கணினிகளில் இரண்டு நிரல்கள் ஒரே இடைமுகத்துக்குச் சண்டையிடுவதைத்தான் அடிக்கடி காண்கிறேன். ஓர் இடைமுகத்துக்கு ஒரே பொறுப்பாளர்தான் இருக்க வேண்டும்.

இஃப்அப்டவுன் என்றால், ‘ஈடிசி’ அடைவுக்குள் ‘நெட்வொர்க்’ என்னும் அடைவில் உள்ள ‘இன்டர்ஃபேசஸ்’ கோப்பில் நான்கு வரிகள் போதும். முதல் வரியில் ‘ஆட்டோ’ என்ற சொல்லும் இடைமுகத்தின் பெயரும், இரண்டாவதில் ‘ஐஃபேஸ்’, அதே பெயர், ‘ஐநெட் ஸ்டாட்டிக்’, அதன்கீழ் 192.168.1.20/24 போன்ற முகவரி, கடைசியாக 192.168.1.1 போன்ற கேட்வே (வெளிப் பிணையத்துக்கு வழிவிடும் ரூட்டரின் முகவரி). முகவரியைப் பிணையத்திலிருந்து தானாகப் பெறும் டிஎச்சிபி வேண்டுமென்றால் ‘ஸ்டாட்டிக்’ இருக்கும் இடத்தில் ‘டிஎச்சிபி’ என்று எழுதிவிட்டுக் கடைசி இரண்டு வரிகளை நீக்கிவிடலாம். கணினி தொடங்கும்போது இடைமுகத்தை எழுப்பச் சொல்வது அந்த முதல் வரிதான்; அதை விட்டுவிட்டால் மற்ற வரிகள் சரியாக இருந்தும் தானாக எதுவும் நடக்காது. அதற்குப் பதிலாக ‘அலோ ஹாட்பிளக்’ என்று எழுதினால், கர்னல் அந்தச் சாதனத்தைக் கண்டறியும்போது இடைமுகம் எழும். கழற்றி மாட்டும் அடாப்டர்களுக்கு இதுவே பொருத்தம். இந்தக் கோப்பில் எழுதும் டிஎன்எஸ் (தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் சேவை) வரி, ‘ரிசால்வ்கான்ஃப்’ போன்ற பொதி நிறுவப்பட்டிருந்தால்தான் பயன் தரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நெட்வொர்க் மேனேஜர் உள்ள கணினியில் கோப்பைத் தொடாமல், ‘என்எம்சிஎல்ஐ’ கட்டளையாலேயே இணைப்பின் முகவரியை மாற்றி, ‘ஆட்டோகனெக்ட்’ பண்பை ‘எஸ்’ என்று வைத்துவிடுவது நல்லது. இணைப்புக் கோப்பைக் கையால்தான் எழுதுவேன் என்றால், அது ரூட் பயனருக்கு உரியதாகவும் 600 அனுமதியோடும் (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்) இருக்க வேண்டும். இல்லையேல் அந்த நிரல் அதைப் படிக்க மறுத்துவிடும்.

உபுண்டு 17.10 முதல் இயல்பாக வரும் நெட்பிளான் தானே இடைமுகத்தை இயக்குவதில்லை. யாமல் வடிவில் நீங்கள் எழுதும் கோப்பைப் படித்து, அதன் அடியில் இயங்கும் நெட்வொர்க்டி போன்ற நிரலுக்கு வேண்டிய அமைப்புகளை ஒவ்வொரு தொடக்கத்திலும் உருவாக்கித் தருகிறது. எனவே ‘ரன்’ அடைவுக்குள் அது உருவாக்கிய கோப்புகளைத் திருத்துவது வீண். தொலைவிலுள்ள கணினியை எஸ்எஸ்எச் மூலம் மாற்றுகிறீர்கள் என்றால் ‘நெட்பிளான் டிரை’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். 120 நொடிகளுக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். இந்த ஒரு வசதிக்காகவே யாமல் கோப்பில் வரித் தொடக்க இடைவெளிகளைச் சரியாக விட வேண்டிய தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக எழுதியும் வேலை செய்யாதபோது நான் முதலில் பார்ப்பது இடைமுகத்தின் பெயரை. கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின், 2013 தொடக்கத்தில் வந்த 197ஆம் பதிப்பு முதல், ‘ஈத்0’ என்ற பெயருக்குப் பதிலாக ‘என்பி3எஸ்0’ போன்ற பெயர்கள் வழங்கப்படுகின்றன. இதில் 3 என்பது பிசிஐ பஸ் எண், 0 என்பது ஸ்லாட் எண். புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் அட்டையோ வட்டோ பொருத்தும்போது பஸ் எண்கள் நகர்ந்து, அதே பிணைய அட்டை ‘என்பி4எஸ்0’ ஆகிவிடக்கூடும். உங்கள் கோப்போ பழைய பெயருக்காகக் காத்திருக்கும். அட்டைகளை மாற்றக்கூடிய கணினி என்றால், பெயருக்குப் பதிலாக அட்டைக்கே உரிய மேக் முகவரியைக் கொண்டு பொருத்துவது பாதுகாப்பானது. நெட்வொர்க்டியில் இன்னொன்றையும் கவனியுங்கள்: கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்பட்டு, முதலில் பொருந்துவது மட்டுமே ஓர் இடைமுகத்துக்குச் செல்லும், ‘10’ என்று தொடங்கும் கோப்பு எல்லா இடைமுகங்களையும் பிடித்துக்கொண்டால் ‘20’ என்று தொடங்கும் உங்கள் கோப்புக்கு வேலையே இல்லை.

முகவரி வந்துவிட்டது, ஆனால் அதை நம்பியிருக்கும் சேவை மட்டும் தொடக்கத்தில் தோற்றுப்போகிறது என்றால், சிக்கல் தொடக்க வரிசையில் இருக்கிறது. சிஸ்டம்டியின் தொடக்க வரிசையில் ‘நெட்வொர்க் டார்கெட்’ என்ற கட்டம் எட்டப்பட்டது, முகவரி கிடைத்துவிட்டதற்கு உத்தரவாதமன்று. அந்தச் சேவையை சிஸ்டம்டிக்கு விவரிக்கும் யூனிட் கோப்பில் ‘நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட்’ என்பதை ‘ஆஃப்டர்’, ‘வான்ட்ஸ்’ ஆகிய இரண்டு வரிகளிலும் குறிப்பிட வேண்டும். இதற்கு ஒரு விலை உண்டு: கேபிள் செருகப்படாத இடைமுகத்துக்காக நெட்வொர்க்டி இயல்பாக 120 நொடிகள் வரை காத்திருக்கக்கூடும். அத்தகைய இடைமுகத்துக்கு நெட்வொர்க்டியில் ‘ரிக்வயர்டு ஃபார் ஆன்லைன்’ என்பதை ‘நோ’ என்றும், நெட்பிளானில் ‘ஆப்ஷனல்’ என்பதை ‘ட்ரூ’ என்றும் வையுங்கள்.

அதற்குப் பின்னும் முகவரி வரவில்லையானால், ‘ஐபி லிங்க்’ காட்டும் பெயர்களையும், பொறுப்பிலுள்ள சேவை பற்றி ‘ஜர்னல்சிடிஎல்’ இந்தத் தொடக்கத்துக்குத் தரும் பதிவுகளையும் கேள்வியில் சேருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.