மினி டிராக்டரில் கூடுதலாக எல்இடி லைட் மாட்டினால் பேட்டரி தாங்குமா? எங்கே மாட்டுவது நல்லது?

தாராளமாகத் தாங்கும். 24 குதிரைத்திறன் வண்டி, தென்னந்தோப்பில் ராத்திரி ரோட்டவேட்டர் (பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) ஓட்ட வேண்டும், ஹெட்லைட் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கும் உடுமலைப் பக்கம் இதே பாடுதான். கோடையில் பகல் பதினொரு மணிக்கு மேல் சீட்டில் உட்கார முடியாது, ஒரு மழை பெய்துவிட்டாலோ ஈரம் காய்வதற்குள் ஓட்டிக் கொடுங்கள் என்று அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்கள் எல்லாரும் ஒரே நாளில் கூப்பிடுவார்கள், அப்புறம் ராத்திரி ஓட்டாமல் எப்படி?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போனால் முன்னால் மாட்டுகிற நீள பார் லைட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள், பார்க்கவும் ஜம்மென்று இருக்கும். ஆனால் தோப்புக்குள் நாம் போவது நடை வேகம், ஐம்பது மீட்டர் தள்ளி இருப்பது தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கண் தேடுவதெல்லாம் பின்னால்தான்: ரோட்டவேட்டரின் ஓரம் எந்தக் கோட்டில் போகிறது, மண் எவ்வளவு ஆழம் புரள்கிறது, காய்ந்த மட்டை பிளேடில் சுற்றிக்கொண்டதா, சொட்டுநீர்க் குழாய் எங்கே கிடக்கிறது. அதனால் காசு இருப்பது ஒரு ஜோடி லைட்டுக்குத்தான் என்றால் அந்த ஜோடி பின்பக்கம் போகட்டும்.

பேட்டரிக் கணக்கு சுலபம். வாட்டை 12ஆல் வகுத்தால் ஆம்பியர். 20 வாட் லைட் நான்கு என்றால் 80 வாட், ஏழு ஆம்பியருக்குள் முடிந்துவிடும். வண்டியோடு வந்த ஹெட்லைட் 55 வாட் ஹாலஜன் ஜோடி என்றால் அது மட்டுமே ஒன்பது ஆம்பியர் தின்கிறது, அதோடு இந்த நான்கு எல்இடி, பார்க்கிங், மீட்டர் விளக்கெல்லாம் சேர்த்து மொத்தம் 17, 18 ஆம்பியர் வரும். ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற உங்கள் வண்டியின் ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் என்று கையேட்டில் இருக்கும். 35 பக்கம் இருந்தால் பாதியைத்தான் தொடுகிறீர்கள். ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருக்கிற பழைய வண்டி என்றால் கொஞ்சம் யோசித்து, பின்னால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் ஒரு மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள்: எல்லா லைட்டும் எரியும்போது, வேலை செய்கிற ஆர்பிஎம்மில் 13.5 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் கவலை இல்லை. 13க்குக் கீழே இறங்கினால் பேட்டரி உள்ளிருப்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஐடிலில் வைத்துப் பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள், அந்த வேகத்தில் ஆல்டர்னேட்டர் முழு மின்சாரம் கொடுக்காது.

பெட்டியில் எழுதியிருக்கிற வாட்டை அப்படியே நம்பவும் வேண்டாம். மலிவு லைட்டில் 72 வாட் என்று போட்டிருக்கும், மீட்டரைத் தொடராக வைத்து அளந்தால் ஒன்றரை ஆம்பியர்தான் இழுக்கும், அதாவது 18 வாட். பேட்டரிக்கு அது நல்ல சேதி, காசுக்குத்தான் கெட்ட சேதி.

இப்போது எங்கே மாட்டுவது. பெரும்பாலானவர்கள் மேற்கூரையில், தலைக்கு மேல் மாட்டுகிறார்கள். உயரத்திலிருந்து வெளிச்சம் பரவும் என்பது சரிதான், ஆனால் மேலிருந்து நேராக விழும் வெளிச்சத்தில் தரை முழுக்கத் தட்டையாகத் தெரியும், மேடு பள்ளம் பிடிபடாது. கருப்பு 16 எம்எம் சொட்டுநீர்க் குழாய் ஈர மண்ணோடு மண்ணாகக் கிடக்கும்போது மேலே இருக்கிற லைட்டில் அது கண்ணில் படாது. லைட்டைத் தாழ்வாக, மட்கார்டு உயரத்தில் வைத்துச் சாய்வாக அடித்துப் பாருங்கள், குழாய்க்குப் பக்கத்தில் நீளமாக ஒரு நிழல் விழும், குழாய் தெரியாவிட்டாலும் நிழல் தெரியும். தென்னையைச் சுற்றிய வட்டப்பாத்தியின் விளிம்பும் அப்படித்தான். சாய்வு வெளிச்சத்தில் அந்தக் கரை எடுப்பாகத் தெரியும், வேர்ப்பக்கம் பிளேடு போகாமல் ஒதுங்கிக்கொள்ளலாம்.

பூச்சியும் ஒரு காரணம். மழைக்கு அடுத்த ராத்திரி தலைக்கு மேல் லைட் எரிந்தால் ஈசல் அத்தனையும் உங்கள் முகத்தைச் சுற்றித்தான் இருக்கும், வாயைத் திறக்க முடியாது. லைட் மட்கார்டில் இருந்தால் அந்தத் திருவிழா இடுப்புக்குக் கீழே நடக்கும்.

என் சிபாரிசு: பின் மட்கார்டுகளின் வெளி ஓரத்தில் ஆளுக்கொன்று, ரோட்டவேட்டரின் வெளி முனையும் அதற்கு வெளியே இரண்டடித் தரையும் தெரிகிற மாதிரி கீழ்நோக்கித் திருப்பியது. ரோட்டவேட்டரை முழுக்கத் தூக்கி, முழுக்க இறக்கி, இரண்டு நிலையிலும் மறைக்கிறதா பார்த்துவிட்டு போல்ட்டை இறுக்குங்கள். அதை இருட்டிய பிறகு செய்யுங்கள், பகலில் கோணம் வைத்தால் ராத்திரி மறுபடி ஸ்பேனர் எடுக்க வேண்டி வரும். முன்னால் தேவைப்பட்டால் ஹெட்லைட் உயரத்திலோ அதற்குக் கீழேயோ இரண்டு. புழுதி பறக்கிற நிலத்தில் கண்மட்டத்தில் லைட் வைத்தால் புழுதிதான் பளிச்சென்று தெரியும், தரை தெரியாது. கூரையில்தான் மாட்டுவேன் என்றால் கூரையின் முன் விளிம்புக்குத் தள்ளி மாட்டுங்கள், உள்ளே மாட்டினால் பானட்டிலும் சைலன்சர் குழாயிலும் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசும். வண்டிக்குக் கவிழ்வுப் பாதுகாப்புக் கம்பி இருந்தால் அதில் ஓட்டை மட்டும் போடவே போடாதீர்கள். ஓட்டை போட்ட இடம் பலவீனமாகும், வண்டி கவிழும்போது உங்களைக் காப்பாற்ற வேண்டிய கம்பி அது. யூ கிளாம்ப் போட்டுப் பிடித்தால் போதும்.

லைட் வாங்கும்போது ஸ்பாட் வேண்டாம், ஃபிளட் என்று கேளுங்கள், விரிந்து அடிக்கும். நீலம் கலந்த 6000 கெல்வின் வெள்ளையைவிட கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த 4000 பக்கம் கிடைத்தால் எடுங்கள், பூச்சியும் குறையும், புழுதியில் கண்ணுக்கும் இதம். ஐபி 67 என்று இருந்தால் தண்ணீர் உள்ளே போகாது, ஆனால் அது பிரஷர் வாஷுக்குக் கொடுக்கிற உத்தரவாதம் இல்லை, கழுவும்போது நாசிலை லைட்டின் விளிம்புக்கு நேராகப் பிடிக்க வேண்டாம். ஹெட்லைட்டின் ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு அதே கிண்ணத்தில் எல்இடி பல்பு போடும் யோசனை சிலர் சொல்வார்கள். அந்த ரிஃப்ளெக்டர் ஹாலஜன் இழை இருக்கும் இடத்துக்குக் கணக்குப் போட்டுச் செய்தது, வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவன் கண்ணில்தான் குத்தும்.

வயரிங்தான் முக்கியம், இதில் கஞ்சத்தனம் கூடாது. ஹெட்லைட் வயரைச் சீவி அதோடு முறுக்கி டேப் சுற்றுகிற வேலைக்கு எந்த எலக்ட்ரீஷியன் வந்தாலும் விடாதீர்கள். அந்த வயரும் சுவிட்சும் ஹெட்லைட்டுக்கு மட்டும் அளந்து போட்டவை, போதாக்குறைக்கு வாரன்டி உள்ள வண்டி என்றால் வயரை வெட்டியிருக்கிறீர்கள் என்று டீலர் கையை விரிக்க வழி கிடைத்துவிடும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து தனியாக ஒரு வயர், ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் பியூஸ், அங்கிருந்து நான்கு முனை ரிலேயின் (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கிற சுவிட்ச்) 30ஆம் முனைக்கு. 87ஆம் முனையிலிருந்து லைட்டுக்கு. 85, 86 இரண்டும் ரிலேயின் காயில், ஒன்று எர்த்துக்கு, இன்னொன்று டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சாவி லைனுக்கு, அதாவது சாவியை ஆன் செய்தால் மட்டும் மின்சாரம் வருகிற வயருக்கு. சுவிட்ச் வழியே ஓடுவது காயிலுக்கான சொற்ப மின்சாரம்தான் என்பதால் சின்ன சுவிட்சே வருஷக்கணக்கில் உழைக்கும். வயர் பல இழை செம்பில் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) போடுங்கள், 1 ஸ்கொயரிலேயே எரியும்தான், ஆனால் நல்ல எல்இடியில் வோல்ட் குறைந்தால் அது வெளிச்சத்தைக் குறைக்காமல் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும், ஜாயின்ட்கள் சூடாகும், வெளியே ஒன்றும் தெரியாது. எர்த்தை மட்கார்டு போல்ட்டில் பிடித்தால் பெயின்டும் ரப்பர் வாஷரும் குறுக்கே நிற்கும், லைட் மினுக் மினுக்கென்று உயிரை வாங்கும். பேட்டரி மைனஸ் வரை எர்த்துக்கும் ஒரு வயர் இழுத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. லைட் போட்டதும் எஃப்எம் இரைந்தால் அது மலிவு எல்இடிக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டின் வேலை, லைட்டை மாற்றினால்தான் பாட்டு கேட்கலாம்.

சாவி லைனில் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மட்டை சுற்றிக்கொண்டால் இறங்கி எடுக்க வேண்டும், எடுக்கும்போது ரோட்டவேட்டரைச் சுழற்றுகிற பிடிஓ இணைப்பை மட்டும் தள்ளிவிட்டால் போதாது, இன்ஜினையே நிறுத்த வேண்டும், ஆனால் வெளிச்சமும் வேண்டும். நிறைய வண்டிகளில் ஸ்டாப் குமிழை இழுத்து இன்ஜினை நிறுத்துவதால் சாவி ஆனிலேயே இருக்கும், பின் லைட் இரண்டும் எரிந்துகொண்டிருக்கும். அரை மணி நேரம் எரிந்தாலும் இரண்டு ஆம்பியர் அவர்கூடப் போகாது. வேலை முடிந்து வண்டியை நிறுத்தும்போது சாவியைத் திருப்பி எடுக்கிற பழக்கம் மட்டும் இருக்க வேண்டும்.

முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி சுவிட்ச். தோப்பை விட்டு ரோட்டில் ஏறும்போது பின் லைட் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். பின்னால் பைக்கில் வருகிறவனுக்கு வெள்ளை வெளிச்சம் தெரிந்தால் வண்டி எதிரே வருகிறதா முன்னே போகிறதா என்றே புரியாது, சிவப்பு டெயில் லைட்டும் அந்த வெளிச்சத்தில் அமுங்கிவிடும். ஓட்டுகிறவருக்கோ அது முதுகுப்பக்கம், எரிவதே மறந்துபோகும். அதனால் பின் லைட் சுவிட்ச் மட்டும் சின்னச் சிவப்பு விளக்கு உள்ளதாக வாங்கி, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கண்ணில் படும்படி வையுங்கள். முன் லைட்டும் ரோட்டுக்கு ஆகாது, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன்படி முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். பலர் இதற்காகவே ரோட்டில் போகும்போது லைட்டுக்கு உறை போட்டுவிடுகிறார்கள், நல்ல யோசனைதான்.

வயரை நெளிநெளியான கருப்பு பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள் விட்டு, சைலன்சரையும் பிடிஓ ஷாஃப்ட்டையும் விட்டு விலக்கிக் கொண்டுபோய் அங்கங்கே கேபிள் டை போடுங்கள். லைட் பிடிக்கும் போல்ட்டுக்கு உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட், ரோட்டவேட்டர் அதிர்வில் சாதா நட் கழன்று விழுந்துவிடும். செட்டில் எலி இருந்தால் ஸ்லீவையும் சேர்த்துக் கடிக்கும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. நாங்கள் பூனை வளர்க்கிறோம்.