போலிஷில் 'கோ', 'நோ', 'பிளே': எந்தச் சொல்லை எடுப்பது?

'ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி நான்கைந்து போலிஷ் (போலந்து நாட்டு மொழி) சொற்களைத் தருகிறதே, எதை எடுப்பது?' என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லை விட்டுவிட்டு வாக்கியத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

'கோ' என்பதை எடுத்துக்கொள்வோம். போலிஷில் முதல் கேள்வியே, நடந்தா வண்டியிலா? நடந்து போனால் 'இஷ்ச்', வண்டியில் போனால் 'யெஹாச்'. போலந்தின் கிராகூ நகருக்கு ரயிலில் போகிறவர் 'இஷ்ச்' சொன்னால், அவ்வளவு தூரமும் நடக்கப்போகிறார் என்றுதான் கேட்பவர் நினைப்பார். அடுத்த கேள்வி, இப்போது போகிறாரா, வழக்கமாகப் போகிறாரா? வழக்கம் என்றால் நடைக்கு 'ஹோஜிச்', வண்டிக்கு 'யெஷ்ஜிச்'. ஆனால் ஒரு பையன் பள்ளியில் படிக்கிறான் என்று சொல்ல, அவன் தினமும் பஸ்ஸில் போனாலும் 'ஹோஜிச்'தான். இது எனக்கு மிகவும் பிடித்த இடம். விதியை மட்டும் மனப்பாடம் செய்தால் இங்கே மாட்டிக்கொள்வோம்.

'நோ' (know, அதாவது தெரியும் என்பது) இதைவிடச் சுலபம். ஆளையோ ஊரையோ தெரியும் என்றால் 'ஸ்னாச்'. மருந்துக்கடை எங்கே இருக்கிறது என்பது போன்ற தகவல் தெரியும் என்றால் 'வியெஜெச்'. நீந்தத் தெரியும் என்றால் 'உமியெச்'.

அப்புறம் 'பிளே'. சதுரங்கம், பியானோ இரண்டுக்கும் 'கிராச்'. ஆனால் விளையாட்டுக்கு முன் 'வ்', வாத்தியத்துக்கு முன் 'னா' என்ற முன்னிடைச்சொல் வர வேண்டும். குழந்தை பொம்மையோடு விளையாடுவதோ 'பாவிச் ஷெ'. அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியம் இல்லாவிட்டால், அந்தச் சொல்லை நம்பி எடுக்காதீர்கள்.