மின்சாரம் குறைவாக எடுக்கும் சிறிய நாஸ்: வீட்டுக்கு எதை வாங்கலாம்?

நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் புகைப்படங்களும் வீடியோக்களும் ஏறத்தாழ ஒன்றரை டெராபைட் இருப்பதாகவும், அவற்றை ஒரே இடத்தில் வைக்க, இரவு பகலாக ஓடினாலும் மின்கட்டணத்தை ஏற்றாத சிறிய நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் கோப்புச் சேமிப்புப் பெட்டி) எது, பரணில் கிடக்கும் பழைய கணினியே போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழைய கணினி, ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினிப் பலகை, இரண்டு டிஸ்க் போடும் ஆயத்தப் பெட்டி என மூன்றையும் எங்கள் வீட்டில் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கடைக்காரர்கள் ப்ராசஸரைப் பற்றியே பேசுவார்கள். கட்டணத்தைத் தீர்மானிப்பதோ உள்ளே எத்தனை ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, அவை நாளில் எத்தனை மணி நேரம் சுழல்கின்றன என்பதுதான்.

ஒரு வாட் இடைவிடாமல் ஓடினால் ஆண்டுக்கு 8.76 யூனிட் ஆகும். ப்ளக்கில் செருகும் மீட்டரை வைத்துப் பார்த்தபோது என் பழைய கணினி ஒன்றும் செய்யாமல் நிற்கும்போதே 58 வாட் எடுத்தது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், 60 நாளுக்கு அது 83 யூனிட்டுக்கு மேல் வருகிறது. 12 வாட் எடுக்கும் பெட்டிக்கு 17 யூனிட்தான். கோடையில் ஏசி ஓடும்போது எங்கள் ரீடிங் 500 யூனிட்டை ஒட்டியே நிற்கும். அந்த எல்லையைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விகிதம் கூடிவிடும் என்பதால், சும்மா கிடைத்த கணினிதான் எனக்கு அதிகச் செலவு வைத்தது.

இப்போதுள்ள பெட்டியில் 3.5 அங்குல டிஸ்க் இரண்டைப் போட்டு அதே மீட்டரில் பார்த்தேன். சுவிட்சைப் போட்டதும் எண் 30 வாட்டைத் தாண்டிக் குதித்தது. கோப்புகளை நகலெடுக்கும்போது 17, வெறுமனே சுழலும்போது 14, டிஸ்க்குகள் உறங்கியபின் 5. ஆனால் அந்த 5 என்ற எண்ணை முதல் இரண்டு வாரம் நான் பார்க்கவே இல்லை. நள்ளிரவில் பெட்டியின் மேல் கையை வைத்தால் மெல்லிய அதிர்வு விரலில் தெரிந்தது. தேடிப் பார்த்ததில், வீட்டிலுள்ள நான்கு கைப்பேசிகளும் எடுத்த படங்களை அவ்வப்போது அனுப்பிக்கொண்டே இருந்தன; போதாக்குறைக்கு, வீடியோக்களைப் பட்டியலிடும் மென்பொருள் மணிக்கொருமுறை எல்லா ஃபோல்டரையும் துழாவியது. சார்ஜில் இருக்கும்போது, அதுவும் இரவில் மட்டும், படங்களை அனுப்புமாறு கைப்பேசிகளை மாற்றிவிட்டு, துழாவலை நாளுக்கு ஒருமுறை என்று ஆக்கிய பிறகுதான் பெட்டி உறங்கியது. உறக்க நேரத்தை 5 நிமிடம் என்று வைத்து டிஸ்க்கை அடிக்கடி எழுப்பவும் கூடாது, அது தேய்மானம். நான் 30 நிமிடம் வைத்திருக்கிறேன். உறங்கும் டிஸ்க் எழுந்திருக்கப் பத்து விநாடி பிடிக்கும் என்பதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் "உன் பெட்டி கெட்டுப்போச்சு" என்று வாரம் ஒருமுறை கேட்க வேண்டியிருக்கும்.

ராஸ்பெர்ரி பையை எடுத்துக்கொண்டால், 2019-இல் வந்த 4-ஆம் மாடலிலிருந்துதான் அது இந்த வேலைக்குப் பொருந்தும். அதற்கு முந்தைய 3பி பிளஸில் நெட்வொர்க் யுஎஸ்பி 2 வழியாகவே போனதால், கிகாபிட் என்று எழுதியிருந்தாலும் நொடிக்கு 300 மெகாபிட் அளவில் நின்றுவிடும். 4-ஆம் மாடல் 3 முதல் 4 வாட்டில் நிற்கிறது. ஆனால் அதன் நான்கு யுஎஸ்பி துளைகளும் சேர்ந்து டிஸ்க்குகளுக்குத் தரக்கூடியது 1.2 ஆம்பியர்தான். இதைக் கவனிக்காமல் 2.5 அங்குல டிஸ்க் இரண்டை நேரடியாகச் செருகினேன். இரண்டும் ஒன்றாக எழும்பும்போது ஒன்று 'டிக் டிக்' என்று அடித்து அடங்கிவிட, பை தானாக எழுதும் பதிவேட்டில் (லாக்) மின்னழுத்தம் குறைந்ததாக வரிவரியாக எழுதியிருந்தது. தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வாங்கிய பிறகுதான் சரியானது. கட்டளை தட்டுவதில் விருப்பம் உள்ளவருக்கு, இந்தப் பையும் ஓபன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருளும் ஒரு டிஸ்க்கும் போதும்.

இன்டெல் என்100 ப்ராசஸர் போட்ட மினி பிசி வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்புவதில் கெட்டி. அதன் 6 வாட் என்ற எண் சிப்புக்கு மட்டும் உரியது, முழுக் கணினி அதைவிட அதிகமாகத்தான் எடுக்கும். உங்கள் டிவி கோப்பை அப்படியே ஓட்டுமென்றால் அந்தத் திறன் தேவையே இல்லை. சினாலஜி நிறுவனத்தின் டிஎஸ்223ஜே போன்ற, கைப்பேசிகளில் உள்ள ஏஆர்எம் வகைச் சிப் போட்ட நாஸ் பெட்டிகளில் நினைவகம் 1 கிகாபைட்தான், கூட்டவும் முடியாது. ஆனாலும் படங்களைச் சேமித்துப் பகிர அது தாராளம். 2.5 கிகாபிட் துளைக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். வீட்டு ரூட்டர் கிகாபிட்டாக இருக்கும்வரை நொடிக்கு 110 மெகாபைட்டுக்கு மேல் எந்தப் பெட்டியாலும் தர முடியாது.

டிஸ்க் வாங்கும்போது அது சிஎம்ஆரா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும் வகை) எஸ்எம்ஆரா (தடங்கள் படியும் வகை) என்று கேளுங்கள். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பது சொல்லப்படாமலே விற்கப்பட்டது வெளிப்பட்டுப் பெரிய சர்ச்சையானது. அதன் பிறகே ரெட் பிளஸ் என்ற பெயரில் சிஎம்ஆர் டிஸ்க்குகளைத் தனியாகப் பிரித்தார்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் ஓட்டு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடப்பதால், நீண்ட நேரம் எழுதும்போது வேகம் படுத்துவிடும்.

பலரும் ஏற்காத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு டிஸ்க்கை ரெய்டு 1-இல், அதாவது இரண்டிலும் ஒரே தரவை ஒரே நேரத்தில் எழுதும் முறையில், போடாதீர்கள். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும், உண்மைதான்; ஆனால் யாராவது கல்யாண ஆல்பத்தைத் தவறுதலாக அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் அழியும், அதற்காக டிஸ்க் சுழலும்போதெல்லாம் 4 அல்லது 5 வாட் வேறு கொடுக்கிறீர்கள். உங்கள் அளவுக்கு ஏஆர்எம் பெட்டியில் 4 டெராபைட் சிஎம்ஆர் டிஸ்க் ஒன்றைப் போட்டு, அதே கொள்ளளவுள்ள இன்னொன்றை யுஎஸ்பி உறையில் வைத்து, மாதம் ஒருமுறை நகலெடுத்து உறவினர் வீட்டுப் பீரோவில் வைப்பதையே நான் செய்வேன்.

வெளியூரிலிருந்து படம் பார்க்க ஆசைப்பட்டு ரூட்டரில் போர்ட்டை (இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசலை) திறந்துவிட வேண்டாம்; வயர்கார்டு அல்லது டெய்ல்ஸ்கேல் என்ற பூட்டிய தனிப்பாதை (விபிஎன்) வழியாக வாருங்கள். 2015-க்குப் பிறகு மென்பொருள் புதுப்பிப்பு வராத வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற நெட்வொர்க் டிஸ்க் பெட்டிகள் பலவற்றில் இருந்த தரவை, 2021 ஜூனில் ஹேக்கர்கள் இணையம் வழியாகத் துடைத்து அழித்தார்கள். வாங்கும் பெட்டிக்கு எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்பதைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கடைசியாக மின்வெட்டு. ரூட்டருக்கு விற்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் பெரும்பாலும் 2 ஆம்பியர்தான் தரும், 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கவே ஏறத்தாழ அத்தனையும் போய்விடும். வீட்டு இன்வர்ட்டரில் பெட்டியைச் செருகினால், அதிலுள்ள யுபிஎஸ் மோடு சுவிட்சைப் போட்டுவிட்டு, மெயினை ஒருமுறை அணைத்துப் பெட்டி நிற்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். படங்களை ஏற்றும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.