லாரியில் வந்த காடு

அன்புள்ள ஐயா,

நான் கொருக்குப்பேட்டையில் வசிக்கிறேன். வயது 26. அமேசான் மழைக்காட்டை வைத்து ஒரு சாகச நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மரக் கடத்தல் கும்பலிடமிருந்து காட்டை ஒரு தமிழ் இளைஞன் காப்பாற்றுகிறான். மூன்று அத்தியாயங்களையும் கதைச் சுருக்கத்தையும் இணைத்திருக்கிறேன். வடசென்னைக்காரனுக்கு எதற்கு அமேசான், எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றி எழுது என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். காட்டைக் காப்பாற்றக் கவிதை உதவும், சாகசக் கதை உதவாது என்கிறார் ஒருவர், கேரளத்தில் சைலண்ட் வேலிக் காட்டை அணைத் திட்டத்திலிருந்து காத்த போராட்டத்தைக் காட்டி. சாகசக் கதை படித்துவிட்டுக் காட்டைக் காக்கப் புறப்பட்டவர் யாராவது உண்டா? தலைப்பு எப்படி இருக்கிறது, எந்தப் பதிப்பகத்தை அணுகலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகன்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பரணிலிருந்து என் பெரியப்பாவின் வாய்ச்சியை இறக்கித் துருவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பேரனின் பள்ளியில் பழைய பொருட்கள் கண்காட்சியாம். வாய்ச்சி என்றால் மரம் செதுக்கும் கருவி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் கேள்வி. உண்டு. சிம்பன்சி ஆராய்ச்சியாளர் ஜேன் குடால் சின்னப் பெண்ணாக இருந்தபோது டார்ஸான் கதைகளைப் படித்துவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போயே தீர்வது என்று முடிவு செய்தவர். டார்ஸான் தப்பான ஜேனைக் கட்டிக்கொண்டான் என்று வயதான பிறகும் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1960இல் டாங்கனிக்கா ஏரிக்கரையில் இருக்கும் கோம்பேக்குப் போய்ச் சிம்பன்சிகளுக்காகக் காத்துக் கிடந்தார். இத்தனைக்கும் டார்ஸானை எழுதிய எட்கர் ரைஸ் பரோஸ் ஆப்பிரிக்காவில் காலே வைத்ததில்லை. 1912இல் பத்திரிகையில் அந்தக் கதை வந்தபோது காட்டில் புலியை உலவவிட்டிருந்தார். ஆப்பிரிக்காவில் ஏது புலி? புத்தகமாகும்போது அதைப் பெண் சிங்கமாக மாற்றினார். அப்படி ஒரு அரைகுறைக் காட்டைப் படித்துத்தான் குடால் கிளம்பினார். அதனால் தைரியமாக எழுதுங்கள்.

நண்பர்களின் கேலியை விடுங்கள். வடசென்னைக்காரன் பேனாவை எடுத்தால் ரவுடி, குத்துச்சண்டை, சாம்பல், இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்று யார் சட்டம் போட்டது? மயிலாப்பூர்க்காரர் பாரிஸைப் பற்றி எழுதினால் உலக இலக்கியம், கொருக்குப்பேட்டைக்காரர் அமேசானைப் பற்றி எழுதினால் கேலியா? எண்ணூரை ஒருநாள் எழுதத்தான் போகிறீர்கள். அந்தக் காற்றை மூச்சிழுத்து வளர்ந்தவரை அது சும்மா விடாது. கவிதையா கதையா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. மலையாளக் கவிஞர் சுகதகுமாரி மரத்தைத் துதித்துப் பாடினார், சரி. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கத்துக்காரர்கள் அணையின் லாப நட்டக் கணக்கையும் போட்டுக் காட்டினார்கள். 1984இல் சைலண்ட் வேலி தேசியப் பூங்கா ஆனதில் இரண்டுக்கும் பங்கு உண்டு. தலைப்பு, பதிப்பகம் எல்லாம் எழுதி முடித்த பிறகு பேசலாம்.

இப்போது திட்டப் போகிறேன்.

உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு ஒராங்குட்டான் கதாநாயகனின் தோளில் கை போட்டுக்கொண்டு அமேசானில் நடக்கிறது. தம்பி, காட்டில் வாழும் ஒராங்குட்டான் உலகத்தில் இரண்டே தீவுகளில்தான் இருக்கிறது. ஒன்று சுமத்ரா, இன்னொன்று போர்னியோ. பரோஸுக்கு 1912இல் சாக்குச் சொல்ல இடமிருந்தது. உங்கள் சட்டைப் பையில் போன் இருக்கிறது.

ஆனால் அந்தத் தப்பைப் படித்துச் சிரித்த அரை மணி நேரத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த பாமாயில் பாக்கெட்டைப் பார்த்தேன். லிட்டர் 25 ரூபாய். உலகத்துப் பாமாயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும்தான் உற்பத்தியாகிறது. உலகிலேயே அதிகமாக இறக்குமதி செய்வது நாம். அந்தத் தோட்டங்களில் கணிசமானவை மழைக்காட்டை வெட்டிய இடத்தில் வந்தவை, ஒராங்குட்டானின் வீடு இருந்த இடத்தில். நீங்கள் அமேசானுக்கு அனுப்பிவைத்த அந்தக் குரங்குக்கும் உங்கள் அம்மா சுடும் பஜ்ஜிக்கும் சம்பந்தம் இருக்கிறது. இதை ஏன் எழுதவில்லை?

ஏனென்றால் உங்களுக்கு ஒரு வில்லன் வேண்டும். இடது கன்னத்தில் கத்தித் தழும்பு. சுருட்டுப் பிடிக்கிறான். காரணமே இல்லாமல் கிளியைச் சுடுகிறான். கடைசியில் ஆற்றில் விழுகிறான், மீன்கள் தின்றுவிடுகின்றன, காடு பிழைத்துவிடுகிறது. வாசகன் புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவான். எனக்குக் கோபம் வருவது அந்த நிம்மதியின் மேல்தான். அமேசானில் காடு போன இடத்தின் பெரும்பகுதி இன்று மாடு மேய்ச்சல் நிலம். அங்கே சுருட்டுக்காரனைத் தேடிப் போனால் மாடு மேய்க்கிறவனும் கறி வாங்குகிறவனும்தான் கிடைப்பார்கள். அவர்களை எந்த ஆற்றில் தள்ளுவீர்கள்?

குடாலுக்கும் இது நடந்தது. 1990 வாக்கில், தேசியப் பூங்காவாகிவிட்ட கோம்பேக்கு மேலே சின்ன விமானத்தில் பறந்தபோது, பூங்காவுக்கு வெளியே குன்றெல்லாம் மொட்டையாகக் கிடந்ததைப் பார்த்தார். வெட்டியவர்கள் யாரென்று பார்த்தால், விறகுக்கும் விதைக்க நிலத்துக்கும் வேறு வழியில்லாத கிராமத்து ஜனங்கள். டார்ஸான் கதையில் அதற்கு விடை இல்லை. 1994இல் அந்தக் கிராமங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் அவர்களைக் கேட்டார்கள். மருத்துவமும் பிள்ளைகள் படிப்பும் என்றார்கள். மரம் நடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, வாய்ச்சிக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது இருக்கும். காசிமேட்டில் பெரியப்பா கட்டுமரம் கட்டுவார். ஆணி கிடையாது. கட்டைகளைச் செதுக்கி, ஒன்றோடொன்று பொருந்த வைத்து, கயிற்றால் கட்டுவதுதான். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். மரம் கேரளத்து மலைப் பக்கத்திலிருந்து லாரியில் வரும். எடை குறைந்த, மிதக்கிற மரம். லாரி வந்தால் பெரியப்பா முதலில் ஒவ்வொன்றையும் வாய்ச்சியின் பின்பக்கத்தால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் பிடிக்காவிட்டால் தரகரோடு சண்டை. எனக்குத் தெரிந்து காசிமேட்டில் மீனைவிட அதிகம் பேரம் நடந்தது அந்த மரத்துக்குத்தான்.

ஒருமுறை ஒரு கட்டையின் பொந்தில் பாசி ஒட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் லாரியில் அத்தனை தூரம் வந்தும் உள்ளே ஈரம். பாசிக்குள் விரல் நீளத்துக்கு ஒரு செடி, இரண்டு தடித்த இலை. வேர் மண்ணில் இல்லை, பட்டையைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாகத் தொங்கியது. நான் மூக்கை வைத்து மோந்தேன். எங்கள் தெருவில் இல்லாத வாசனை. மீன், டீசல், தார், எதுவும் அதில் இல்லை.

"இன்னாடா மோந்து பாக்குற?" என்றார் பெரியப்பா. "மலைல நின்ன மரம்டா. அங்க எந்நேரமும் மழ. நம்மாண்ட வந்து உப்புத் தண்ணி குடிக்குது." அவர் மலையைப் பார்த்ததே இல்லை.

செடியைப் பிய்த்து கொட்டாங்குச்சியில் வைத்து, அடிபம்புத் தண்ணீர் ஊற்றினேன். அந்தத் தண்ணீரே பாதி உப்பு. பத்து நாள் தாங்கியது. அப்புறம் இலை பழுத்து, விரலால் தொட்டதும் கழன்று வந்துவிட்டது. அதற்கப்புறம் லாரி வந்தபோதெல்லாம் பெரியப்பா பாசி இருந்தால் வாய்ச்சியால் சுரண்டி ஈரத் துணியில் சுற்றி எனக்குக் கொண்டுவருவார். ஒன்றும் பிழைக்கவில்லை. பிழைக்காது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். கொண்டுவருவதை நிறுத்தவில்லை.

இப்போது சொல்லுங்கள், இந்தக் கதையில் தழும்பு யாருக்கு? மலையில் கோடாலி போட்டவனுக்கா, லாரிக்காரனுக்கா, தரகருக்கா, பெரியப்பாவுக்கா, அந்தக் கட்டுமரத்தில் வந்த நெத்திலியைச் சோற்றில் பிசைந்து தின்ற எனக்கா? 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. எங்கள் கரையில் மலை மரம் இறங்குவது அநேகமாக நின்றுபோனது. யாரும் கதை படித்துத் திருந்தவில்லை. பெரியப்பாவுக்கு வேலை போனது, அவ்வளவுதான். மீதி நாளைத் திண்ணையில் உட்கார்ந்தே கழித்தார்.

சாகசக் கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. தடயத்தைப் பிடித்துக்கொண்டு போவது சாகசக் கதைக்குக் கைவந்த கலை. உங்கள் கதாநாயகனை பிரேசிலில் விமானத்திலிருந்து குதிக்க வைக்காதீர்கள். கொருக்குப்பேட்டை ரேஷன் கடை வரிசையில் நிற்க வையுங்கள். கையில் அந்த பாக்கெட். அங்கிருந்து துறைமுகம், கப்பல், ஆலை, தோட்டம், தோட்டத்தின் ஓரத்தில் மிச்சமிருக்கும் காடு. ஒவ்வொரு இடத்திலும் ஒருவன் அவனை மடக்கட்டும். மடக்குகிறவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கட்டும். ஒராங்குட்டானை அங்கே வையுங்கள், தோளில் கை போட வேண்டாம், தூரத்தில் ஒரு கிளை அசைந்தால் போதும். கதாநாயகன் நாலு பக்கம் பேசும் சுற்றுச்சூழல் சொற்பொழிவை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள். கண்ணில் படக் கூடாது.

முதல் அத்தியாயத்தில் அந்தப் பையன் மழைக்கு ஒதுங்கி, தகரக் கூரைச் சத்தத்தை வைத்தே தெருவை அடையாளம் சொல்கிறானே, அதை மட்டும் தொடாதீர்கள். அது நீங்கள்.

மாற்றி எழுதியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். மீன் ஏலம் முடிந்ததும் பஜ்ஜி சாப்பிடலாம். எண்ணெய் பாமாயில்தான்.