தம்பி தேறி வருகிறான். ஊரை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. மனச்சிதைவு நோய்க்கு மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். எட்டு மாதமாக நன்றாக இருக்கிறான். பழையபடி மொபைல் ரிப்பேர் வேலைக்குப் போக ஆசைப்படுகிறான். தெருவில் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். 'தர்காவிலோ கோயிலிலோ கொண்டுபோய் விடுங்கள்' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அம்மா அவனை வெளியே விடவே பயப்படுகிறார். எங்களுக்குத் துணை யார்?

பதில்: முதலில் உங்கள் வீட்டைப் பற்றி. மனநல சமூகப் பணியாளராக வீடு வீடாகப் போகும்போது நான் அடிக்கடி பார்ப்பது இது: விருந்தாளி உட்கார்ந்திருப்பார். அம்மா மாத்திரையை உள்ளங்கையில் எண்ணிக் கொண்டுவந்து, 'வாயைத் திற' என்பார். வளர்ந்த பிள்ளை தலையைக் குனிந்தபடி விழுங்குவார். அந்த அம்மா எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஓயாத கண்காணிப்பும் குத்திக்காட்டும் பேச்சும் இந்த நோய் திரும்ப வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பது ஆய்வுகளில் உறுதியானது. ஏழு அறை கொண்ட மாத்திரை டப்பா ஒன்று வாங்குங்கள். தம்பியே நிரப்பட்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒருமுறை பார்த்தால் போதும்.

துணை, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருக்கிறது. மாத்திரை வாங்கும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். மூன்று குடும்பம் மாதம் ஒருமுறை கூடினாலே அம்மாவின் பயம் பாதி குறையும். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய, மனச்சிதைவு நோயாளிகளுக்கான தொண்டு நிறுவனம் ஸ்கார்ஃப் இருக்கிறது; நோயாளிகளின் குடும்பத்தினரே சேர்ந்து நடத்தும் 'ஆஷா' இருக்கிறது. அங்கே கேட்டால் வழி சொல்வார்கள். அவசரத்துக்கு 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்; தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

சொந்தக்காரர்களுக்கு ஏர்வாடியை நினைவுபடுத்துங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சாமி கும்பிடப் போவதைத் தடுக்க வேண்டாம், மாத்திரையை நிறுத்தாமல் போகட்டும். ஆனால் கட்டிப்போடுவது குற்றம். 2017 மனநலச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியைத் தடை செய்கிறது. குடும்பத்தோடும் ஊரோடும் வாழும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. யாராவது மீறினால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் உதவி கேட்கலாம்.

இன்னொன்று: மீண்டும் முடியாமல் போனால் என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று தம்பி இப்போதே எழுதி வைக்கலாம். தெளிவாக இருக்கும் இந்த எட்டாம் மாதம்தான் அதற்கு நல்ல நேரம். அவர் உங்கள் பெயரைச் சொல்லாமல் நண்பர் பெயரைச் சொன்னால் மனம் கோணாதீர்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மனநோய்க்கும் உண்டு. 2016 சட்டம் சொல்லும் 21 வகைகளில் இதுவும் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் அரசு வேலை ஒதுக்கீட்டுக்கும் வழியுண்டு. பலர் அவமானம் என்று நினைத்து வாங்குவதில்லை. வாங்குவதா என்பது தம்பியின் முடிவு.

கடைக்காரரிடம் நோயைப் பற்றிச் சொல்வதும் அப்படியே. வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரவு மாத்திரையின் அசதி காலையில் இருந்தால், முதல் மாதம் மதியத்துக்கு மேல் போகட்டும். தூக்கம் ஒழுங்காக வருகிறதா என்பதைக் கவனியுங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று ராத்திரி தூக்கம் கெட்டால், அடுத்த தேதிக்குக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.