முதலில் மதியச் சாப்பாட்டுக் கடை, அப்புறம் மிஷ்லின் மேசை

கேள்வி: என் மகள் செக் நாட்டின் தலைநகர் பிராக்கில் வேலை பார்க்கிறாள். அக்டோபரில் நானும் கணவரும் முதல்முறையாக அங்கே போகிறோம். எங்கள் 30ஆவது திருமண நாளுக்கு, நவீன செக் உணவு பரிமாறும் ‘லா டெகுஸ்தாசியோன்’ என்ற, மிஷ்லின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் பெற்ற உணவகத்துக்கு எங்களை அழைத்துப்போக ஆசைப்படுகிறாள். நான் முட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சைவம். அவர் மீன், கோழி, ஆடு சாப்பிடுவார். மாடும் பன்றியும் தொடமாட்டார். இருவருக்கும் மதுப் பழக்கம் இல்லை. தெரியாத பதார்த்தங்களைத் துளித்துளியாகச் சாப்பிட மூன்று மணி நேரமும் அவ்வளவு பணமும் செலவழிக்கத்தான் வேண்டுமா? கையோடு ஊறுகாய் கொண்டுபோகலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் விமானத்தை விட்டு இறங்கிய மறுநாளே அந்த மேசையில் போய் உட்காராதீர்கள். பதிவை உங்கள் பயணத்தின் கடைசி நாட்களுக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அதற்குள் சாதாரண செக் சாப்பாட்டை நாலைந்து வேளையாவது சாப்பிட்டிருக்க வேண்டும். உங்கள் மற்ற கேள்விகளைவிட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

காரணம் இருக்கிறது. இந்த மாதிரி உணவகத்தில் சமையல்காரர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார் என்றால், பெரும்பாலும் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வீட்டுச் சமையலை எடுத்துப் பிரித்து வேறு விதமாகக் கட்டியிருப்பார். அந்த வீட்டுச் சுவை நாக்கில் இருப்பவருக்குத்தான் அவர் எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்பது தெரியும். அது தெரியாமல் போனால் தட்டில் வெள்ளையாக ஒரு நுரையும் பச்சையாக ஒரு இலையும்தான் தெரியும். பணம் வீணானது போலவும் தோன்றும்.

செக் சமையலுக்கு இது இன்னும் பொருந்தும். 1948க்குப் பிறகு வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியில் உணவகங்கள் அரசின் கைக்குப் போயின. எந்தப் பண்டத்தில் எத்தனை கிராம் மாவு, எத்தனை கிராம் இறைச்சி என்று அரசு வகுத்த அளவுப் புத்தகம்தான் சமையலறையை ஆண்டது. கைப்பக்குவத்துக்கு அதில் இடமில்லை. 1989இல் அந்த ஆட்சி விழுந்த பிறகும் பழைய சுவைகளைத் தேடி எடுக்கப் பல ஆண்டுகள் ஆயின. 2008இல் பிராக் நகரத்துக்கு முதல் மிஷ்லின் நட்சத்திரம் கிடைத்தபோது, அதை வாங்கியது இத்தாலியச் சமையல் செய்த ஒரு பெரிய ஹோட்டல் உணவகம்! உங்கள் மகள் சொல்லும் இடம் 2006இல் திறந்தது. அதன் தலைமைச் சமையல்காரர் ஓல்ட்ரிச் சஹைதாக், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சமையல் பள்ளி நடத்திய மரீ ஸ்வோபோடோவாவின் முறைகளிலிருந்து தொடங்கினார். அளவுப் புத்தகத்துக்கு முந்தைய சமையல் அது. 2012இல் அவர்களுக்கு நட்சத்திரம் வந்தது. தன் ஊர்ச் சமையலை மறுபடியும் மரியாதையோடு மேசைக்குக் கொண்டுவந்த அந்த உழைப்பு மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

சரி, அதற்கு முன் என்ன சாப்பிடுவது? வார நாட்களில் ‘ஹோஸ்போடா’ எனப்படும் பீர்க்கடைகளிலும் சின்ன உணவகங்களிலும் மதிய வேளைக்கு மட்டும் மலிவான சாப்பாட்டுப் பட்டியல் ஒன்று இருக்கும். அலுவலகம் போகிறவர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள். பீர் குடிக்காவிட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நீங்கள் முதலில் ‘குலாய்டா’ கேளுங்கள். காளான், உருளைக்கிழங்கு, கிரீம், நிறைய டில் கீரை போட்டுக் கொஞ்சம் வினிகர் விட்ட சூப். மேலே ஒரு அவித்த முட்டை. அக்டோபர் என்பதால் காளான் நன்றாகவே இருக்கும். குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குப் போய்க் காளான் பறிப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு.

அடுத்து ‘பிரம்போராக்’ என்ற உருளைக்கிழங்கு அடை. துருவிய கிழங்கில் பூண்டும் மருவும் சேர்த்துப் பொரிப்பது. நாம் பூச்சரத்தில் வைத்துக் கட்டுகிறோமே, அதே மருவு இலைதான். நாம் தலையில் சூடுகிற வாசனையை அவர்கள் உருளைக்கிழங்கு சூப்பிலும் போடுகிறார்கள். முதல் வாய் வைத்ததுமே உங்கள் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். பொரிக்கும் கொழுப்பு எண்ணெயா, பன்றிக் கொழுப்பா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தயிர்ப்பாலாடை போன்ற சீஸும் உருக்கிய வெண்ணெயும் போட்டு வரும் பழக் கொழுக்கட்டையையும் விட்டுவிடாதீர்கள். அதைச் சிலர் மதியச் சாப்பாடாகவே முடித்துக்கொள்வார்கள்.

அந்த நாட்டின் மிகப் பிரபலமான பண்டம் ‘ஸ்வீச்கோவா’. வேர்க்காய்கறிகளும் கிரீமும் சேர்ந்த குழம்பில் மாட்டிறைச்சி. தொட்டுக்கொள்ள வில்லையாக வெட்டிய ‘க்னெட்லீகி’. அது மாவில் செய்து வேகவைப்பது. சாம்பாரை இட்லி இழுத்துக்கொள்வது போல அந்தக் குழம்பை இழுத்துக்கொள்ளும். உங்கள் கணவருக்கு அது ஆகாது. மகள் வாங்கினால் குழம்பின் வாசனையையாவது கவனியுங்கள். அந்த இனிப்பும் புளிப்பும் நல்ல உணவகங்களில் வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கும்.

உங்கள் கணவருக்கு மீன் இருக்கிறது. கடல் இல்லாத நாடு என்பதால் எல்லாம் நன்னீர் மீன்: கெண்டை, டிரவுட், சாண்டர். தெற்கே திரெபோன் பகுதியில் 16ஆம் நூற்றாண்டில் வெட்டிய மீன் ஏரிகள் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. அங்கே இருக்கும் ரோஜ்ம்பெர்க், நாட்டிலேயே பெரிய மீன் ஏரி. இலையுதிர் காலத்தில் ஏரியை வடித்து மீன் பிடிப்பார்கள். ஆக, நீங்கள் போவது சரியான பருவம். கெண்டையில் முள் அதிகம், நிதானமாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

இப்போது உணவுக் கட்டுப்பாடு. இதில் மட்டும் தயங்கவே கூடாது. ‘சைவம்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு, ஜெலட்டின் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் காய்கறிப் பண்டத்துக்குள்ளேயே இருக்கலாம். பதிவு செய்யும்போதே மகள் எழுத்தில் கேட்கட்டும்: ஒருவருக்கு இறைச்சி, மீன், இவற்றின் சாறு, கொழுப்பு எதுவும் கூடாது, முட்டையும் பாலும் சரி, இன்னொருவருக்கு மாடும் பன்றியும் கூடாது. புகையில் பக்குவப்படுத்திய மாட்டு நாக்கு அந்த இடம் பெயர் வாங்கிய பண்டங்களில் ஒன்று என்பதால், இதைச் சொல்லாமல் போனால் கட்டாயம் சங்கடம் வரும். முடியும் என்று பதில் வந்த பிறகுதான் முன்பணம் கட்ட வேண்டும். முடியாது என்றால் வருத்தப்பட வேண்டாம். பிராக்கின் கார்லின் பகுதியில் பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் ‘எஸ்கா’ என்ற உணவகம் இருக்கிறது. லா டெகுஸ்தாசியோனை நடத்தும் அதே குழுமம் நடத்துவதுதான். சொந்த பேக்கரியும் உண்டு. சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கால் பெயர் வாங்கிய இடம். அந்தப் பண்டத்தில் புகைமீன் சேரும் என்பதால் அங்கேயும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். செலவு குறைவு, மனசும் இறுக்கமில்லாமல் இருக்கும். உங்கள் இருவரின் சாப்பாட்டு முறையைப் பார்த்தால் எஸ்காவே உங்களுக்கு அதிகம் பிடிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊறுகாய் வேண்டாம், சகோதரி. செக் சமையலின் உயிர் புளிப்பிலும் புகையிலும் நொதிப்பிலும் இருக்கிறது. புளித்த முட்டைக்கோஸ், வினிகர், மோர், சீரகம் போன்ற கேரவே விதை இவையெல்லாம் மெல்லிய குரலில் பேசுகிற சுவைகள். ஒரு விரல் மிளகாய் பட்டால் அடுத்த நான்கு தட்டும் வெறுமையாகிவிடும். அன்று மதியம் லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஒவ்வொரு தட்டும் சிறிதாக இருந்தாலும், நல்ல புளிமாவு ரொட்டியும் வெண்ணெயும் சேரும்போது வயிறு நிறைந்துவிடும். மதுவுக்குப் பதிலாகப் பழச்சாறும் மூலிகைப் பானமும் ஒவ்வொரு தட்டுக்கும் பொருத்தித் தரும் வழக்கம் நல்ல உணவகங்களில் இருக்கிறது. அதையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பட்டுப் புடவை கட்டிப் போவதில் எந்தத் தடையும் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, ஒருவருக்குச் சில ஆயிரம் கொருனா ஆகும். ஒரு கொருனா ஏறக்குறைய நான்கு ரூபாய். விலையில் வரி சேர்ந்தே இருக்கும். சேவை பிடித்திருந்தால் சுமார் 10 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். சொந்தச் சம்பாத்தியத்தில் பெற்றோருக்கு ஒரு நல்ல சாப்பாடு வாங்கித் தர வேண்டும் என்று ஒரு பெண் நினைக்கிறாள். விலையைக் கேட்டு ரூபாயில் பெருக்கிப் பார்த்து அவள் முகத்தை வாட வைக்காதீர்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு அந்தக் கணக்கே வேண்டாம்.

இன்னொன்று. அந்த நாட்டில் கசகசா ஏராளமாக விளைகிறது. கருநீலமாக இருக்கும், இனிப்புகளில் அள்ளிப் போடுவார்கள். ஆசையாக ஒரு பொட்டலம் வாங்கத் தோன்றும். திரும்பும் வழியில் துபாயில் விமானம் மாறுவதாக இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அங்கே கசகசா தடைசெய்யப்பட்ட பொருள், பிடிபட்டால் வழக்காகிவிடும். ஆசை தீர பிராக்கிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.